சீசனைத் தொடங்கிவைக்கும் ஒரு மேட்ச்... இந்தியாவின் சூப்பர் கப் இத்தனை முறை தொலைந்தது ஏன்?

இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் என்றால் ஒரு கணக்கு உண்டு. லீக் ஆரம்பிப்பதற்கு முந்தைய வாரம் ஒரே ஒரு மேட்ச். போன வருஷம் லீக்கை ஜெயித்த அணியும் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்த அணியும் மோதும். அதுதான் கம்யூனிட்டி ஷீல்டு. ஜெயித்தால் ஒரு கேடயம், தோற்றால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால், 'சீசன் தொடங்கிடுச்சு' என்று ரசிகனுக்குச் சொல்வது அந்த மேட்ச்தான். 1908-ல் 'சேரிட்டி ஷீல்டு' என்ற பெயரில் தொடங்கியது. முதல் வருஷம் மான்செஸ்டர் யுனைடெட்டும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் 1-1 என்று டிரா செய்ய, மறுபடி ஆடவைத்ததில் யுனைடெட் 4-0 என ஜெயித்தது. ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி என எல்லா நாடுகளிலும் இதற்கு ஒரு அண்ணன் தம்பி இருக்கிறது. பொதுப்பெயர், சூப்பர் கப்.

இந்தியாவிலும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இருக்கிறது. நடுவில் சில வருஷம் காணாமலும் போனது!

கம்பெனிக்காரர்களின் காலம்

நம் ஊரில் இந்த ஆட்டத்துக்கு ரொம்ப நாள் தேவையே வரவில்லை. காரணம், தேசிய லீக் என்று ஒன்று இருந்தால்தானே லீக் சாம்பியன் என்று ஒருவர் இருப்பார்? 1977-ல் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பைதான் அகில இந்திய அளவில் கிளப்புகள் மோதிக்கொண்ட போட்டி. அதன் முதல் சாம்பியன் பெங்களூரு ஐ.டி.ஐ. ஆமாம், டெலிபோன் செய்கிற அந்தத் தொழிற்சாலையின் அணியேதான். 1996-ல் தேசிய கால்பந்து லீக் வந்தது. அதன் முதல் சாம்பியன், பஞ்சாப் பக்வாராவின் ஜே.சி.டி. இது துணி மில்லின் அணி.

லீக் சாம்பியன் ஒருவர், ஃபெடரேஷன் கோப்பை சாம்பியன் ஒருவர் என ஆன பிறகு, இரண்டு பேரையும் மோதவிடலாமே என்று 1997-ல் இந்தியன் சூப்பர் கப் பிறந்தது. முதல் கோப்பை கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு. அடுத்த இரண்டு வருஷமும், 1998, 1999, கோவாவின் சல்கோகர் எடுத்துக்கொண்டது. சல்கோகர் சுரங்கத் தொழில் குடும்பத்தின் அணி. 2008, 2010-ல் ஜெயித்த டெம்போவும் அதே கோவா, அதே சுரங்கத் தொழில். மோகன் பகான் 2007, 2009-ல் ஜெயித்தது. ஈஸ்ட் பெங்கால் 2006-லும் 2011-லும் திரும்ப வாங்கி, மொத்தம் 3 கோப்பைகளோடு முதலிடத்தில் நின்றது.

நடுவில் 2003 என்று ஒரு வருஷம் இருக்கிறது. அதை ஜெயித்தது மஹிந்திரா யுனைடெட். 1962-ல் மும்பையில், கம்பெனி ஊழியர்களுக்கான அணியாகத் தொடங்கியது. 2005-06-ல் தேசிய லீக்கையே ஜெயித்தது. சிங்கப்பெருமாள் கோவில்காரர்களுக்கு இந்தப் பெயரைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பக்கம் பார்த்தாலே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. ஒரகடம் ரோட்டில் ஷிப்ட் பஸ் ஏறுகிற பையன்களில் எத்தனை பேருக்கு, அதே கம்பெனி ஒரு காலத்தில் இந்தியாவின் சூப்பர் கப்பைத் தூக்கியது என்று தெரியும் என்பதுதான் கேள்வி. அந்த அணி 2010-ல் கலைக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஜே.சி.டி-யும் மூடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1997 முதல் 2011 வரை 15 வருஷங்களில் இந்தக் கோப்பை நடந்தது 10 முறைதான். 2000 முதல் 2002 வரை கிடையாது. 2004, 2005-லும் கிடையாது. சீசனைத் தொடங்கிவைக்க வேண்டிய மேட்ச், ஒரு வருஷம் நடக்கும், ஒரு வருஷம் நடக்காது என்றால் ரசிகன் எப்படிக் காத்திருப்பான்? 2011-க்குப் பிறகு அதுவும் நின்றது.

மீண்டும் வந்தது, வேறு முகத்தோடு

2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. ஃபிரான்சைஸ், டி.வி. வெளிச்சம், சினிமா நட்சத்திரங்கள் என ஆட்டத்தின் முகமே மாறியது. பழைய ஐ-லீக் ஒரு பக்கம், ஐ.எஸ்.எல். ஒரு பக்கம் என இரண்டு லீக்குகள். 2018-ல் ஃபெடரேஷன் கோப்பைக்குப் பதிலாக 'சூப்பர் கப்' என்ற பெயர் திரும்பியது. ஆனால், இது ஒற்றை மேட்ச் இல்லை. இரண்டு லீக் அணிகளும் கலந்து ஆடும் நாக்-அவுட். அதுவும் சீசன் முடிந்த பிறகு! தொடங்கிவைக்கிற மேட்ச்சின் பெயரை, முடித்துவைக்கிற தொடருக்கு வைத்தார்கள். புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியத்தில் நடந்த முதல் ஃபைனலில், சுனில் சேத்ரியின் பெங்களூரு எஃப்.சி. 4-1 என ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய வருஷம் 2019. அந்த சீசனில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். சென்னையின் எஃப்.சி-யோ ஐ.எஸ்.எல்-லில் கடைசி இடம். லீக்கின் எதிர்காலம் பற்றி சம்மேளனம் பேச மறுக்கிறது என்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் உட்பட பல ஐ-லீக் கிளப்புகள் தொடரைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. கால் இறுதியில் பெங்களூரு எஃப்.சி-யையே 2-1 என வீழ்த்தியது. அரை இறுதியில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்! சென்னையின் எஃப்.சி. ஏ.டி.கே-வை 2-0 என ஜெயித்தது. சென்னை சிட்டி, எஃப்.சி. கோவாவிடம் 0-3 எனத் தோற்றது. அது மட்டும் மாறியிருந்தால் ஃபைனலே நம் வீட்டு மேட்ச். ஃபைனலில் கோரோ கோல் போட, ரஃபேல் அகஸ்டோ சமன் செய்ய, பிராண்டன் ஃபெர்னாண்டஸ் கோவாவுக்காக 2-1 என முடித்தார். அன்றைய ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி, இன்று எந்த தேசிய லீக்கிலும் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் பழைய ஸ்கோர்களைப் புரட்டியதில் மனசைப் பிசைந்த வரி அதுதான்.

பிறகு மூன்று வருஷம் இடைவெளி. 2023-ல் கோழிக்கோடு ஃபைனலில் ஒடிசா எஃப்.சி. 2-1 என பெங்களூருவை ஜெயித்தது. டியாகோ மவுரிசியோவுக்கு 2 கோல். பயிற்சியாளர் கிளிஃபோர்டு மிராண்டா. ஒரகடம் பக்கம் மேன்ஷன்களிலும் ரூம்களிலும் தங்கி வேலை பார்க்கிற ஒடிசா பையன்கள், சொந்த மாநிலத்துக் கிளப்பின் முதல் பெரிய கோப்பையை மொபைலில் பார்க்கக் கிடைத்த நாள் அது. 2024-ல் அதே ஒடிசாவை அதன் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 3-2 என ஈஸ்ட் பெங்கால் தோற்கடித்தது. 12 வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த தேசியக் கோப்பை.

கோப்பையின் மதிப்பு கூடியதற்குக் காரணம் ஆசிய டிக்கெட். ஜெயித்தால் ஆசிய கிளப் போட்டிக்கான தகுதி ஆட்டம். 2025 மே மாதம் ஜாம்ஷெட்பூரை 3-0 என வென்ற கோவா, ஓமனின் அல் சீப்பைத் தாண்டி ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் டூ-வுக்குள் நுழைந்தது. அதனால்தான் ரொனால்டோவின் அல் நஸ்ர் அணி ஃபதோர்டாவுக்கு வந்தது. ரொனால்டோ வரவில்லை என்பது வேறு சோகம்!

வேறு வழியில்லாமல் கிடைத்த இடம்

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. லீக்கை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிறது, அடுத்து என்ன என்பதில் முடிவு இல்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. கிளப் வேலைகளையே நிறுத்திவைத்தது. கிட் எடுத்து வைப்பவர், மசாஜ் செய்பவர், சமையல்காரர் என ஒரு கிளப்பை நம்பி இருப்பவர்கள் கோல் போடுகிறவர்கள் மட்டும் இல்லையே. லே-ஆஃப் என்ற வார்த்தையின் கனம் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா?

விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் சூப்பர் கப்பை வைத்து சீசனைத் தொடங்கலாம் என்று முடிவானது. அக்டோபர் 25-ல் கோவாவில் ஆரம்பம். 1997-ல் எதற்காகத் தொடங்கினார்களோ அந்த இடத்துக்கு, லீக் இல்லாத குறையால், கோப்பை வந்து சேர்ந்தது. மிராண்டாவைப் பயிற்சியாளராகக் கொண்டு வந்த சென்னையின் எஃப்.சி., மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 எனத் தோற்று வெளியேறியது. அதே குரூப்பில், ஐ-லீக்குக்குத் திரும்பியிருந்த பழைய சாம்பியன் டெம்போவும் இருந்தது.

டிசம்பர் 7, ஃபைனல். கோவாவும் ஈஸ்ட் பெங்காலும் கோல் இல்லாமல் டிரா. பெனால்டியில் கோவா 6-5. 2018-ல் திரும்பிய இந்தக் கோப்பையைத் தக்கவைத்த முதல் அணி, மூன்றாவது பட்டம். மறுநாள், டிசம்பர் 8-ல், அந்த 15 வருஷ ஒப்பந்தம் காலாவதியானது. ஐ.எஸ்.எல். தொடங்க 2026 பிப்ரவரி 14 ஆகிவிட்டது.