வாணிகமும் குறிவழக்கும்

பொருள் வேறு, அதனை அறிவிக்கும் குறி வேறு. எனினும், குறியின்றி வாணிகம் செழித்த காலம் இல்லை எனலாம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறியும் இறங்கியும் சென்ற பண்டங்களுக்குச் சோழ அரசின் அலுவலர் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. மலாயாவில் கடை வைத்த நகரத்தாரோ, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘விலாசம்’ அமைத்தனர். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவர் இங்கே கொடுக்கல் வாங்கல் நடத்துவதற்கு அவ்விலாசமே பிணையாக நின்றது.

பேராக் ரப்பர்த் தோட்டங்களிலும் இவ்வழக்கு உண்டு. புகைக்கூடத்தில் உலர்ந்த ஷீட்டுகளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்துக் கட்டாகக் கட்டி, அதன்மேல் தோட்டத்துக் குறியை இட்டு அனுப்பினர். 1965-இல் மலேசியா தரநிர்ணய ரப்பர் முறையைக் கொண்டுவந்தது. அழுக்கு, சாம்பல் முதலியவற்றின் அளவைச் சோதனைச்சாலையில் கண்ட பின்னரே தரக்குறி இடப்பட்டது. பெயராக நின்ற குறி வாக்குறுதியாக மாறிய நிகழ்ச்சி இது.

இவ்வரலாற்றின் புதிய கிளையே ஹேஷ்டேக் எனப்படும் கொத்துக்குறி. 2007 ஆகஸ்டு 23-இல் கிறிஸ் மெசினா என்பார், ஒரு பொருள் பற்றிய செய்திகளை ஒருங்கு திரட்டச் சொல்லுக்கு முன் # இடலாம் என்று ட்விட்டரில் முன்மொழிந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது மக்கள் அதனைக் கையாண்டனர். 2009-இல் ட்விட்டரும், 2011-இல் இன்ஸ்டாகிராமும் அதனைத் தம் அமைப்பில் ஏற்றன.

புலிப்பொறியை இட அரசுக்கே உரிமை. கொத்துக்குறியையோ எவரும் இடலாம். இவ்வேற்றுமையை மறந்த வணிகர் இடர்ப்பட்டனர். 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன்னைப் பற்றிய நற்கதைகளைத் திரட்ட ஒரு குறியை விளம்பரம் செய்தது. மக்களோ அதன்கீழ்க் குறைகளை எழுதிக் குவித்தனர். சில மணி நேரத்திற்குள் விளம்பரத்தை நிறுத்தியும் குறி ஓயவில்லை. காசு கொடுத்துக் குறியைப் பரப்பலாம். அதன்கீழ் எழுதுவோரின் மனத்தை வாங்க இயலாது.

இதனை ஈப்போவுக்குப் பொருத்திப் பார்ப்போம். புந்தோங் வட்டாரத்தில் கச்சாங் பூத்தே செய்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. எட்டயபுரப் பகுதியிலிருந்து வந்தோர் வளர்த்த தொழில் அது. இவர்கள் ‘சுவை’, ‘உணவு’ போன்ற பொதுச்சொற்களைக் குறியாக்கினால், அவை உலகத்துச் செய்திகளுள் கடலிற் கரைத்த பெருங்காயமாகும். ஊரும் பொருளும் இணைந்த #புந்தோங்_கச்சாங்பூத்தே போன்ற ஒரு குறியை அனைவரும் ஒரே எழுத்துமுறையில் தொடர்ந்து இடுவரேல், தேடுவோர்க்கு ஊரே ஒரு கடைத்தெருவாகும். வாங்குவோரில் மலாய்க்காரரும் சீனரும் உளராதலின், அதன் மலாய் வடிவமும் உடனிருத்தல் வேண்டும். ஒரு செய்திக்கு இரண்டு மூன்று குறிகள் போதும். மிகுந்தால் சரக்கைக் குறியே மறைத்துவிடும்.

தமிழாசிரியர் உதவக்கூடிய இடமும் இங்கு உண்டு. கொத்துக்குறியில் சொல்லிடை வெளி விட்டால் குறி அவ்விடத்தே அறுபடும். ஆகவே சொற்களைச் சேர்த்தெழுத நேர்கின்றது. ‘பலகை’ என்பது மரப்பலகையுமாம், பல கையுமாம் என்னும் பிரிமொழிச் சிலேடை பாட்டுக்கு அழகு. வணிகக் குறிக்கோ கேடு. ஆங்கிலத்தார் பெரிய எழுத்தால் சொல்லெல்லையைக் காட்டுவர். தமிழில் அவ்வசதி இன்மையின், இடையே அடிக்கோடு இடலாம். குறியை வெளியிடுமுன் பிறர் ஒருவரிடம் உரக்கப் படிக்கத் தருதல் நன்று.

தளங்களின் விதிகளும் மாறுகின்றன. ட்விட்டர் 2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறி, 2025-இல் தன் விளம்பரங்களிலிருந்து கொத்துக்குறியை விலக்கியது. ஆகவே குறியை மட்டும் நம்பித் தொழில் நடத்தல் தகாது. விலாசம் நிலைத்தது நாணயத்தால். ரப்பர்க் குறி நிலைத்தது சோதனையால். புந்தோங்கின் குறியும் நிலைக்க வேண்டுமாயின், பொட்டலத்திலுள்ள கடலை நன்றாக வறுபட்டிருத்தல் வேண்டும்.