பூட்டிற்குள் புகுந்த பிழை

அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியில் எவரும் படித்துவிடலாம். இணையத்தின் வழியே செல்லும் செய்தியும் இயல்பில் அஞ்சலட்டை போன்றதே. பல கணிப்பொறிகளைக் கடந்துதான் அது உரிய இடத்தை அடைகிறது. ஆயினும், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை நீங்கள் அச்சமின்றி அனுப்புகிறீர்கள். அனுப்புமுன் உங்கள் கருவி அச்சொல்லை மறையீடு செய்துவிடுவதே இதற்குக் காரணம். அதாவது, உரிய திறவுகோல் உடையவர் தவிரப் பிறர் படிக்க இயலாத எழுத்துக் குவியலாக அதை மாற்றிவிடுகிறது.

இந்த மறையீட்டு நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. கணக்குப் போடுவோர் மடக்கை அட்டவணையைத் தாமே தயாரிக்காமல் அச்சிட்ட நூலைப் பயன்படுத்தினார்கள் அல்லவா? அதுபோலவே, வல்லுநர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை மென்பொருள் எழுதுவோர் எடுத்தாளுகின்றனர். இத்தொகுப்பிற்கு 'நூலகம்' என்று பெயர். அட்டவணையில் ஓர் எண் தவறினால் அதைப் பயன்படுத்திய எல்லாக் கணக்குகளும் தவறும். நூலகத்திலும் அப்படியே.

பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பது நல்லதா, வெளிப்படையாக வைப்பது நல்லதா? இக்கேள்வி பழமையானது. மறையீட்டு முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையக்கூடாது, திறவுகோல் மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்று 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதினார். இக்கருத்து சரியானது என்பதை 1995-இல் ஒரு நிகழ்ச்சி மெய்ப்பித்தது. அப்போது புகழ்பெற்றிருந்த நெட்ஸ்கேப் உலாவியின் நிரல் வெளியிடப்படவில்லை. ஆயினும் பெர்க்லியில் பயின்ற இயான் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்னும் இரு மாணவர்கள் இயந்திர மொழியிலிருந்தே அதன் அமைப்பை அறிந்துகொண்டனர். அதன் திறவுகோல்கள், கடிகார நேரத்தையும் கணிப்பொறி தன் பணிகளுக்கு இடும் வரிசை எண்களையும் கொண்டு உருவாவதை அவர்கள் கண்டனர். நேரத்தை ஊகிப்பது கடினமா என்ன? பூட்டை மறைத்து வைத்தும் பயனில்லாமல் போயிற்று.

அதே 1995-இல் ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர், எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய ஒரு மறையீட்டு நூலகத்தை வெளியிட்டனர். அமெரிக்கச் சட்டம் வலிமையான மறையீட்டைப் போர்க்கருவியாகக் கருதி ஏற்றுமதியைத் தடுத்து வந்த காலம் அது. எனவே அந்நாட்டிற்கு வெளியே எழுதப்பட்ட நூலகத்திற்குத் தனி மதிப்பு இருந்தது. 1998-இன் இறுதியில் வேறு சிலர் அப்பணியைத் தொடர்ந்தனர். அதுவே 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' ஆகும். உலகின் இணையத் தளங்களில் பெரும்பகுதி இதனை நம்பலாயிற்று.

இனி, இந்நூலகத்தின் வரலாற்றில் நேர்ந்த இரு பிழைகளைக் காண்போம்.

முதற்பிழை 2006-இல் நேர்ந்தது. டெபியன் என்னும் இயக்கமுறைமையைப் பேணுவோர், நிரல்களில் குறைகாணும் வால்கிரைண்ட் என்ற கருவியைக் கொண்டு நூலகத்தைச் சோதித்தனர். 'மதிப்பு எழுதப்படாத நினைவகப் பகுதி பயன்படுத்தப்படுகிறது' என்று கருவி எச்சரித்தது. எச்சரிக்கைக்குக் காரணமாகத் தோன்றிய இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் பெருந்தீங்கில்லை. மற்றொன்றோ, திறவுகோல் உருவாக்கத் தேவையான தற்போக்கு எண்களைச் சேர்த்துக் கலக்கும் வரி! அது போனபின் எஞ்சிய தற்போக்கு, பணியின் வரிசை எண் ஒன்றே. வழக்கமான அமைப்பில் அவ்வெண் 32,768-ஐத் தாண்டாது.

இதன் பொருளைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 128 இருமங்கள் கொண்ட திறவுகோல்கள் எத்தனை இருக்கலாம்? அது 39 இலக்கங்கள் கொண்ட எண். நொடிக்கு 100 கோடி வீதம் முயன்றாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல்லாயிரம் கோடி மடங்கு காலம் ஆகும். ஆனால் 32,768 திறவுகோல்களையோ, நொடிக்கு ஒன்று வீதம் கையால் முயன்றாலும் சுமார் 9 மணி நேரத்தில் முயன்று முடித்துவிடலாம்.

இவ்வளவு பெரிய பிழை ஏன் உடனே தெரியவில்லை? மறையீட்டு நிரலைச் சோதிக்கும் வழக்கமான முறை, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பதாகும். இன்ன செய்தி, இன்ன திறவுகோல் என்றால் இன்ன விடை வரவேண்டும் என்று தரப்படுத்திய பட்டியல்கள் உள்ளன. அச்சோதனையில் இந்நூலகம் முழு மதிப்பெண் பெற்றிருக்கும். பூட்டு பூட்டியது, திறவுகோல் திறந்தது. ஆய்வுக்கூடத்தில் சுழிப்பிழை உள்ள திருகு அளவியைத் தரும்போது என் மாணவர்கள் ஏமாறுவது இப்படித்தான். அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். அனைத்தும் ஒரே அளவு தவறாக இருக்கும். 2008 மே 13-ஆம் நாள்தான் இப்பிழை அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டவர் லூசியானோ பெல்லோ. ஏறத்தாழ 20 மாதங்களில் உருவான திறவுகோல்களை எல்லாம் எறிந்துவிட்டுப் புதியன செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாம் பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்தது. இணைப்பு உயிரோடு உள்ளதா என அறிய, ஒரு கணிப்பொறி சிறு செய்தியை அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்பும். இதற்கு 'இதயத்துடிப்பு' என்று பெயர். செய்தியுடன் அதன் நீளமும் எழுதி அனுப்பப்படும். ஒரு நெற்கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு படி நெல்லைக் கொடுத்து, சீட்டில் 'ஆயிரம் படி' என்று எழுதிவிடுகிறார். கிடங்குக்காரர் அளந்து பாராமல் சீட்டின்படி திருப்பித் தந்தால், அடுத்தவர் நெல்லும் சேர்ந்து போய்விடுமல்லவா? அதுவே இங்கு நடந்தது. ஒரே எழுத்தை அனுப்பி 65,535 என்று சீட்டு எழுதினால், நினைவகத்தில் அருகே கிடந்த பிறரது கடவுச்சொற்களும், சில வேளைகளில் திறவுகோலுமே வெளியேறின. வழக்கமான பதிவேடுகளில் தடயமும் எஞ்சவில்லை. 2014 ஏப்ரல் 7-இல் பிழை வெளியாயிற்று. 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர்பெற்ற இது, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பாதுகாப்புத் தளங்களைப் பாதித்திருந்ததாகக் கணக்கிட்டனர். திருத்தமோ மிகச் சிறிது: சீட்டில் உள்ள நீளம் வந்த செய்தியைவிட மிகுந்தால், அதைப் புறக்கணி!

நிரல் இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் இருந்தது. எவரும் படிக்கலாம் என்பது வேறு. எவரேனும் படித்தார்கள் என்பது வேறு. உலகமே சாய்ந்திருந்த அந்நூலகத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிக்கணக்கில் வாணிகம் செய்த நிறுவனங்கள் பூட்டைப் பயன்படுத்தின, கொல்லனை நினைக்கவில்லை. அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. நிரலுக்குத் தாறுமாறான உள்ளீடுகளை இடைவிடாது ஊட்டிப் பிழை தேடும் முறையும் பரவியது.

வெளிப்படையான நிரல் என்பதால்தான் இவ்விரு பிழைகளையும் வரி வரியாக இன்றும் நம்மால் படித்துப் பார்க்க முடிகிறது. மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். கருவி காட்டும் எச்சரிக்கையை நீக்குமுன், அவ்வரி அங்கே ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். பிறர் தரும் சீட்டை நம்புமுன் நெல்லை அளந்து பாருங்கள். பிறர் எழுதி இலவசமாகத் தந்த நிரலைப் பயன்படுத்தும்போது, ஒரு மாலைப் பொழுதையேனும் அதைப் படித்துப் பார்க்கச் செலவிடுங்கள்.