கரிசல் சீமையின் தாகசாந்தி

கோடையில் வைப்பாறும் கௌசிகா நதியும் வெறும் மணற்படுகைகளாகக் கிடக்கும் விருதுநகர்ச் சீமையில், வழிநடப்பவரின் தாகத்தைத் தணிப்பது தொன்றுதொட்டுத் தலைசிறந்த தர்மமாகக் கருதப்பட்டு வந்தது. அந்தத் தர்மத்தை நம்மவர் இன்னும் கைவிடவில்லை; ஆனால் அதைச் செய்த முறையை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

தண்ணீர்ப் பந்தல் தமிழ்நாட்டில் மிகப் பழைய ஏற்பாடு. அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசரின் பெயரால் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களோ, நீர் வார்ப்பவனுக்கும் கலம் வனைந்து தரும் குயவனுக்கும் மானியம் ஒதுக்கப்பட்ட செய்தியைத் தெரிவிக்கின்றன. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கும், சித்திரைப் பொங்கலுக்குச் சிவகாசி பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் வெயிலில் நடந்து வரும் ஜனங்களுக்கு வழியில் வார்க்கப்பட்டது பச்சைத் தண்ணீர் மட்டுமன்று. உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் இட்ட நீர்மோரும், வெல்லமும் சுக்கும் கலந்த பானகமும் கூடவே இருந்தன. காட்டு வேலைக்குப் போனவர்கள் உப்பிட்ட கம்மங்கூழும் நீராகாரமும் கொண்டுபோனார்கள். பனை வளர்ந்த ஊர்களில், வீடு தேடி வந்தவருக்குச் செம்புத் தண்ணீரோடு ஒரு துண்டுக் கருப்பட்டியும் தருவதுண்டு. அதைக் கடித்துக்கொண்டு மடக்கு மடக்காகத்தான் பருக முடியும்; வேர்த்து விறுவிறுத்து வந்தவர் ஒரே மூச்சில் செம்பைக் கவிழ்க்க முற்பட்டால், வேர்வை அடங்கட்டும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள்.

இந்தத் தர்மத்துக்கு ஒரு களங்கமும் இருந்தது. அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. ஒருவருக்குச் செம்பிலும், மற்றொருவருக்கு எட்ட நின்று மூங்கிற்குழாய் வழியாகவும் நீர் வார்த்த காலம் அது. கோயில் வாயிலில் தடுக்கப்பட்டு, 1899ஆம் ஆண்டு சிவகாசிக் கலவரத்தின் கொடுமையையும் கண்ட நாடார் சமூகத்தார், தம் வணிகப் பேட்டைகளில் வண்டி மாடுகளுக்கும் மனிதர்களுக்குமாகக் கிணறு வெட்டிக்கொண்டதும், சரக்கின் மீது மகமை வசூலித்து அத்தகைய பொதுக் காரியங்களை உறவின்முறை என்னும் தம் சமூக அமைப்பின் வாயிலாக நடத்தியதும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். முதலமைச்சராக இருந்த காமராசர், விருதுநகரில் தம் தாயார் வீட்டுக்கென்று தனியாக இடப்பட்ட குடிநீர்க் குழாயை அகற்றச் செய்தார் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களின் ஊர், அதை மறக்காமல் சொல்லி வருவதில் வியப்பில்லை.

விருதுபட்டி விருதுநகர் என்று பெயர் மாறியது 1923ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டு தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலை நிலைநாட்டியதும் அக்காலத்திலேதான். அதே 1923இல் இங்கிலாந்தில் மாஸ் என்னும் ஆராய்ச்சியாளர், உஷ்ணம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்களுக்கு வரும் கொடிய தசைப்பிடிப்பை ஆராய்ந்து, வேர்வையோடு உப்பை இழந்தவர்கள் வெறும் நீரை ஏராளமாகக் குடிப்பதே அதற்குக் காரணம் என்றும், நீரில் சிறிது உப்பைக் கலந்தால் அது நீங்கும் என்றும் எழுதினார். அமெரிக்காவில் ரௌண்ட்ரீ என்னும் வைத்தியர், அளவுமீறிப் புகட்டிய தண்ணீர் பிராணிகளுக்கு வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்குவதை அதே ஆண்டில் வெளியிட்டார். சிறுநீரகங்கள் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரையில்தான் நீரை வெளியேற்ற வல்லவை. அதற்கு மேல் விரைந்து குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போக, மூளையின் உயிரணுக்கள் நீரை ஈர்த்து வீங்குகின்றன. நம் பெரியவர்களுக்குச் சோடியத்தைத் தெரியாது. தெரிந்திருந்தது என்று பெருமை பேசுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. உப்பிட்ட மோர் குடித்தவன் மாலைவரை களை பிடுங்குவதை அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த அனுபவம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டாசுத் தொழில் இந்தச் சீமையில் வேரூன்றியதற்கு இங்குள்ள வறட்சியே ஒரு காரணம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகையால் மருந்தறையில் தண்ணீர் சத்துரு. அந்த மருந்தைக் கையாளும் மனிதனின் சரீரத்துக்கோ சித்திரை வெயிலில் தண்ணீரே உயிர். தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்வதனால் வரும் தீங்குதான் இங்கே அதிகம் என்பதையும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அவர்களுக்கு நல்ல புத்திமதியே என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் புத்திமதி உப்பையும் உணவையும் விட்டுவிட்டுத் தனியே உலவுகிறது. நாளொன்றுக்கு எட்டுத் தம்ளர் என்று எங்கும் சொல்லப்படும் கணக்கின் மூலமாகப் பலரும் காட்டுவது 1945ஆம் ஆண்டு அமெரிக்க உணவுக் கழகம் கூறிய இரண்டரை லிட்டர். அதில் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியிருக்கிறது என்று அக்கழகமே தொடர்ந்து வந்த வாக்கியமொன்றில் சொல்லியிருந்தது. அந்த வாக்கியத்தை உலகம் படிக்காமல் விட்டுவிட்டது. நாள் முழுவதும் வேர்வை சிந்தியவர் குடம் குடமாக வெறும் நீரைக் குடித்தபின் தலைவலியும் வாந்தியும் தடுமாற்றமும் கண்டால், சுற்றியிருப்பவர்கள் அதை வெயிலின் கோளாறென்றே எண்ணி, இன்னும் ஒரு செம்புத் தண்ணீரை அவர் வாயில் ஊற்றுகிறார்கள். அந்த நிலையில் அவருக்கு வேண்டியது தண்ணீரன்று, தாமதமின்றி வைத்தியசாலை.