முக்காற்புள்ளியும் நூலடுக்கும்

ஒரு நூலை நூலக அடுக்கில் ஓரிடத்தில்தான் வைக்க முடியும். அந்நூல் பேசும் பொருளோ ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு உரியதாக இருக்கும். நூற்பகுப்பின் வரலாற்றைப் பெருமளவு இந்த முரண்பாட்டின் வரலாறாகவே படிக்கலாம். 1876-இல் அமெரிக்கரான மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்புமுறை, அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாக உடைத்துச் சென்றது. பொருள்களை முன்கூட்டியே எண்ணி இடம் ஒதுக்கிவைக்கும் முறை அது என்பதால், இரு துறைகள் கலந்த புதிய பொருள் வந்தபோது இருக்கும் எண்களில் ஒன்றுக்குள் அதைத் திணிக்க நேர்ந்தது. சமய வகுப்பின் பெரும்பகுதியைக் கிறித்துவம் எடுத்துக்கொள்ள, உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290 என்ற ஒற்றைப் பிரிவில் ஒண்டியிருந்தது, வெறும் கருவியாகக் கருதப்பட்ட பட்டியலுக்குள்ளும் ஓர் உலகப்பார்வை குடியிருந்ததைக் காட்டுகிறது.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிப் பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாகும் என்பதிலிருந்து, பொருள்களை எண்ணி வைப்பதற்குப் பதிலாக அவற்றின் உறுப்புகளை மட்டும் வகுத்துவைத்து, நூல் கைக்கு வரும்போது பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. உறுப்புகளை இணைக்கும் திருகாக, ஆங்கிலத்தில் கோலன் எனப்படும் முக்காற்புள்ளி அமைந்ததால், 1933-இல் வெளிவந்த அம்முறை கோலன் பகுப்புமுறை எனப் பெயர்பெற்றது. பிற்காலத்தில் அவர் எல்லா உறுப்புகளையும் தனித்தன்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படை வகைமைகளுக்குள் அடக்கினார். 1950-ஆம் ஆண்டில் இந்தியாவில் நுரையீரல் நோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை பற்றிய நூலில், நுரையீரல் தனித்தன்மையாகவும், சிகிச்சை ஆற்றலாகவும், இந்தியா இடமாகவும், 1950 காலமாகவும் பிரியும். இப்படி ஒரு பொருளை நோக்கும் ஒவ்வொரு கோணமும் அதன் ‘முகம்’ எனப்படும். தனித்தன்மை என்பதை மட்டும் அவர் நேராக வரையறுக்காமல், மற்ற நான்கையும் கழித்தபின் எஞ்சுவது என்று கொண்டது, கணித ஆசிரியருக்கே தோன்றக்கூடிய தீர்வு. மெய்யியலாளரை அது நிறைவு செய்யுமா என்பது ஐயமே.

கோலன் எண்கள் நீண்டு சிக்கலாயின. இந்திய நூலகங்கள் பலவும் டூயியின் முறையிலேயே நின்றுவிட்டன. ஆயினும் லண்டனில் 1952-இல் தோன்றிய பகுப்புமுறை ஆய்வுக் குழு, தகவல் மீட்பு முறைகள் அனைத்துக்கும் முகப் பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று 1955-இல் அறிவித்தது. ஒரே பதிவைப் பல வழிகளில் தேட இடம்தரும் கணினி வந்தபின், அடுக்கின் நெருக்கடி நீங்கி, அக்கருத்து அதற்குரிய களத்தை அடைந்தது. இணையக் கடையில் விலை, நிறம், அளவு எனத் தனித்தனியே வடிகட்டித் தேடுவது இதே நெறியில்தான்.

நூலகவியலுக்கே அடித்தளம் எது என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. அதே 1952-இல் நூலகவியலாளர்களான மார்கரெட் ஈகனும் ஜெசி ஷெராவும், ஒரு சமூகம் அறிவை ஆக்கிப் பரப்பும் விதத்தை ஆராயும் ‘சமூக அறிவாராய்ச்சியியல்’ என்னும் துறையை நூலகவியலுக்கு அடித்தளமாக முன்மொழிந்தனர். இத்தாலிய மெய்யியலாளர் லூசியானோ ஃபுளோரிடி 2002-இல் இதை மறுத்து, தகவல் என்பது யாது என வினவும் தகவல் மெய்யியலின் நடைமுறைப் பிரிவே நூலகவியல் என வாதிட்டார். இரண்டில் ஷெராவின் பக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது. ஏனெனில் தேடுபொறியில் வடிகட்டிகளாக எவை அமைய வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்னரே தீர்மானித்திருக்க, அத்தீர்மானத்தில் விடுபட்ட முகத்தைக் கொண்டு எவரும் எதையும் தேட இயலாது, 290-க்குள் நெருக்கப்பட்ட சமயங்களுக்குத் தத்தமக்கென ஓர் அடுக்கு இல்லாதிருந்ததைப் போலவே.