குடும்பப் படத்துக்கு வாசல் வெளிச்சமே போதும்

தீபாவளிக் காலை. எண்ணெய்க் குளியல், பலகாரம், கோயில் எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. "எல்லாரும் இப்படி வாங்க, ஒரு படம் எடுத்துடலாம்" என்று யாரோ கூப்பிட, குடும்பமே வீட்டுக்கு முன்னால் வெயிலில் வரிசை பிடித்து நிற்கிறது. பிள்ளைகள் கண்ணைச் சுருக்குகிறார்கள். பாட்டியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள். அப்பாவின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று விழ, முகம் கறுத்துப் போகிறது. இரவில் வீட்டுக்குள் எடுத்த படத்திலோ ஃபிளாஷ் பட்டு நெற்றியும் மூக்கும் மட்டும் மின்னுகின்றன.

படம் சரியில்லை என்றால் சிலர் கைப்பேசியைக் குறை சொல்வார்கள். சிலர் "நம்ம கலருக்கு அப்படித்தான் விழும்" என்பார்கள். உண்மையில், பெரும்பாலான நேரங்களில் காரணம் வெளிச்சம் வந்த நேரமும் திசையும்தான். இவ்விரண்டையும் கவனித்தால் சாதாரணக் கைப்பேசியிலேயே முகம் முகமாக விழும். செலவு எதுவும் இல்லை.

எந்த நேரம் நல்லது?

சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது நெற்றியின் நிழல் கண்ணிலும், மூக்கின் நிழல் உதட்டிலும் விழுகிறது. நம் நாட்டில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. சிங்கப்பூரும் அப்படியே செய்தது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் மதியம் 1 மணியிலிருந்து 1.30 மணிக்குள். சபாவிலும் சரவாக்கிலும் அதற்கு முன்பே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பூமத்தியரேகைக்கு அருகில் சூரியன் சாய்ந்து ஏறுவதில்லை. ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது, மணிக்குச் சுமார் 15 பாகை. ஐரோப்பிய நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள் சொல்லும் நீண்ட பொன்வெயில் நேரம் இங்கே கிடைக்காது. காலை 7.30 முதல் 9 மணி வரை, மாலை 5.30 முதல் சூரியன் மறையும் வரை. இவைதான் திறந்த வெளியில் படம் எடுக்க ஏற்ற நேரங்கள்.

தீபாவளிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. குளித்துப் புத்தாடை உடுத்தி, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கும் நேரமும் அதுதான். பிள்ளைகள் களைத்துப் போகும் முன், விருந்தாளிகள் வரும் முன், கோயிலுக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மேகமூட்டம் என்றால் கவலைப்பட வேண்டாம். மேகம் சூரியனுக்கு மேல் விரித்த வெள்ளைத் துணி போல வேலை செய்கிறது; வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, நிழலின் கடுமை குறைகிறது. மழை வரப்போகிறது என்று எல்லாரும் உள்ளே ஓடும் நேரத்தில் முகங்கள் அழகாக விழும். இடி இடித்தால் மட்டும் படத்தை விட்டுவிட்டு உள்ளே போவதே சரி.

வாசலும் அஞ்சடியும்

வெயிலைத் தவிர்க்க முடியாத நேரத்தில் தேட வேண்டியது திறந்த நிழல்: தலைக்கு மேல் கூரை, முகத்துக்கு எதிரே வானம். லயத்து வீட்டின் வாசல், காடி நிறுத்தும் கூரையின் கீழ், கடை வீதியின் அஞ்சடி, கோயில் மண்டபத்தின் ஓரம், வீவக அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதை எல்லாமே அத்தகைய இடங்கள்தான்.

நிழலின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, வெளியே பார்த்தபடி நிற்க வைக்க வேண்டும். படம் எடுப்பவர் வெளியே நிற்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் வழக்கமான தவறு: குடும்பம் வாசலுக்கு முதுகைக் காட்ட, படம் எடுப்பவர் உள்ளிருந்து எடுப்பார், பின்னால் வெளி பளிச்சென்று விழும், முகங்கள் இருண்டுவிடும்.

கூட்டமாக நிற்கும்போது பாதிப் பேர் வெயிலிலும் பாதிப் பேர் நிழலிலும் நிற்கக் கூடாது. மரத்தடியில் இலை இடுக்கு வழியே விழும் வெயில் புள்ளிகள் முகத்தைத் திட்டுத் திட்டாக்கும். பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு, அவர்களைச் சுற்றி மற்றவர்கள் நின்றால் எல்லா முகங்களும் நெருங்கி வரும். வெளிச்சமும் ஒன்று போல விழும். கண் கூசும் முதியவர்களை வானத்துக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்கலாம்.

வீட்டுக்குள் சன்னல் ஓரம்

கைக்குழந்தைக்கும், வெளியே நடந்து வர முடியாத தாத்தா பாட்டிக்கும் சன்னல் ஓரமே நல்லது. நேர் வெயில் விழாத சன்னலாக இருக்க வேண்டும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடலாம்; இல்லாவிட்டால் பழைய வேட்டி ஒன்றைக் கட்டலாம்.

சன்னலிலிருந்து விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். ஆகவே மூன்று நான்கு அடிக்குள் உட்கார வைப்பது நல்லது. முகம் சன்னலைப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் சற்று நிழலாகவும் விழும். முகத்துக்கு வடிவம் வரும். நிழல் பக்கம் அதிகம் இருண்டால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளை மணிலா அட்டையையோ படுக்கை விரிப்பையோ யாராவது பிடித்துக்கொள்ளலாம். சன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்.

கூரை விளக்கை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், விளக்குக்கு இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறு பாதி நீலமாகவும் விழும். பிறகு திருத்துவது சிரமம்.

நம் நிறம் சரியாக விழ

கேமரா தன் முன்னால் இருப்பதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் அதைக் குறைக்கப் போய் முகத்தையும் இருட்டாக்கிவிடும். பின்னால் கறுப்பு அதிகம் இருந்தால் முகத்தை வெளிறச் செய்யும். எனவே கைப்பேசித் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட வேண்டும். பல கைப்பேசிகளில் ஒரு சிறு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். விரலை எடுக்காமல் சற்று நேரம் அழுத்தினால் அந்த அளவு அப்படியே நிற்கும்.

மாநிறமும் கறுப்பும் அழகாக விழுவது பெரிய, மென்மையான வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது. கன்னத்திலும் நெற்றியிலும் ஓடும் மெல்லிய மினுமினுப்புதான் அந்த முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. நேராக அடிக்கும் ஃபிளாஷ் அதை ஓரிரு வெள்ளைப் புள்ளிகளாகச் சுருக்கிவிடும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு நெற்றியை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பவுடர் அப்ப வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தில் சிவந்த நிறமும் கறுத்த நிறமும் இருந்தால், கறுத்த நிறம் உள்ளவரைச் சன்னல் பக்கம் உட்கார வைத்தால் இருவர் முகமும் தெளிவாக விழும்.

"நம்ம கலருக்கு அப்படித்தான் விழும்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஃபிலிம் காலத்தில் படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க, அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவருடைய நிறம் சரியாக விழுந்தால் படம் சரி என்று கொள்ளப்பட்டது. கறுத்த முகங்களின் நுணுக்கம் தொலைந்தது. மரச் சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் ஒழுங்காக விழவில்லை என்று புகார் சொன்னதும் ஃபிலிம் திருத்தப்பட்டதற்கு ஒரு காரணம். கைப்பேசி காலத்திலும் இக்குறை பேசப்பட்டது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் பலவகைத் தோல் நிறங்களும் உள்ளபடி விழ 'ரியல் டோன்' என்ற வசதியைச் சேர்த்தது. ஆக, குறை முகத்தில் இருந்ததில்லை.

ஆனால் இன்று அதே தவறை நாமே செய்துகொள்கிறோம். பல கைப்பேசிகளில் 'பியூட்டி' என்ற வசதி முகத்தைத் தானாகவே வெளுக்க வைக்கிறது, தோலை வழவழப்பாக்குகிறது. பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் அதை அணைத்துவிடுவது நல்லது. தன் படத்தைப் பெரியவர்கள் வெளுக்க வைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தன் நிறத்தில் ஏதோ தவறு இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

பச்சை, நீலம் கலக்கும் இடங்கள்

செம்பனை மரங்களுக்கு இடையில் நின்றால் ஓலை வழியே வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை சாயலைத் தரும். நீலக் கித்தான் கூரையிட்ட கல்யாணக் கூடாரத்தில் முகம் நீலமாகும். பளிச்சென்ற பச்சை, மஞ்சள் சுவருக்கு அருகே நின்றாலும் அந்த நிறம் கன்னத்தில் ஒட்டும். இரண்டடி வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் நின்றாலே சரியாகிவிடும். சிமெண்டுத் தரை நல்ல துணை. கீழிருந்து வெளிச்சத்தை எழுப்பிக் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலைக் குறைக்கும்.

பிள்ளைகள் ஓடினால்

பிள்ளைகளை ஓரிடத்தில் நிற்கச் சொல்வதைவிட, நல்ல வெளிச்சம் உள்ள இடத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது மேல். வாசலில் கோலத்துக்கு வண்ணம் தூவச் சொல்லலாம். தம்பிக்கு முறுக்கு ஊட்டச் சொல்லலாம். தாத்தாவிடம் கதை கேட்கச் சொல்லலாம். படம் எடுப்பவர் முழங்காலிட்டுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் விழும்.

கேமராவில் வேகத்தை அமைக்க முடிந்தால், நடமாடும் பிள்ளைக்கு 1/250 நொடி, ஓடும் பிள்ளைக்கு 1/500 நொடி வைக்கலாம். கைப்பேசி என்றால் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்க வேண்டும். பலகாரக் கை பட்ட லென்ஸில் எந்த வெளிச்சமும் மங்கலாகத்தான் விழும்.

விளக்கு ஏற்றும் நேரம்

சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் போல வானத்தில் நீல வெளிச்சம் தங்கும். அகல் விளக்குகளைப் படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. சுடரின் பொன் நிறமும் வானத்தின் நீலமும் ஒரே படத்தில் விழும். ஃபிளாஷை அணைத்து, கைப்பேசியை நாற்காலியிலோ சுவரிலோ சாய்த்து ஆடாமல் பிடிக்க வேண்டும். பிள்ளையின் பாவாடையும் துப்பட்டாவும் சுடருக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்கட்டும்.

படம் எடுத்த பிறகு

மலாயாவில் 1948இல் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது. தாத்தா பாட்டியின் இளவயதுப் படம் என்று அந்தச் சிறு அட்டைப் படம் மட்டுமே மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாழ்ந்த லயத்தின் வாசலோ, கிணற்றடியோ, மரம் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்த திண்ணையோ அதில் இல்லை. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த வாசலைத் தேடிப் போனாலும் கிடைக்காது.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனால் கைப்பேசி தொலைந்தால் படமும் தொலைகிறது. ஆண்டுக்குப் பத்துப் படமாவது தேர்ந்தெடுத்துக் கடையில் 4ஆர் அளவில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர், இடம், தேதி எழுதி வைக்கலாம். முகம் மட்டும் அல்லாமல் வீட்டு வாசலும் தெரியும்படி ஒன்றிரண்டு படங்கள் இருக்கட்டும்.

இந்த ஆண்டுத் தீபாவளிக்கு எல்லாரும் கோயிலுக்குப் புறப்படும் முன், காலை எட்டு மணிக்கு, பாட்டிக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டால் போதும். பேரப்பிள்ளைகள் தானாகவே சுற்றி வந்து நிற்பார்கள்.