தகரப் பெட்டியும் மின்னேடும்

மன்னர் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் காத்தன. உழைத்து வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைக் காத்தது தகரப் பெட்டி. மலாயாத் தோட்டங்களில், லயத்து வீட்டின் மூலையில், துணிமணிகளுக்கு அடியில், பிறப்புப் பத்திரமும் பழைய பாஸ்போர்ட்டும் ஊரிலிருந்து வந்த கடிதங்களும் துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. எழுத்தறியாத பாட்டிமாரும் அவற்றின் மதிப்பை அறிந்திருந்தனர். வெள்ளம் வந்தால் பிள்ளைக்கு அடுத்தபடியாகத் தூக்கப்பட்டது அந்தப் பெட்டியே.

இன்று அப்பெட்டியைக் காலி செய்யும் எண்ணம் பரவி வருகிறது. தாள்களையெல்லாம் கைப்பேசியால் படம் பிடித்துக் கணினியில் சேர்த்துவிட்டால், வீட்டில் இடமும் மிஞ்சும், தேடும் வேலையும் குறையும் என்பர். குடும்ப வரலாறு தேடும் இளைஞரும் இவ்வழியையே நாடுகின்றனர். இது நன்றா, தீதா என்னும் வினாவுக்கு வரலாற்றில் விடை உண்டு. எழுதப்பட்ட பொருள் ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாறுவது இது முதன்முறையன்று. முன்னைய மாற்றங்களில் எவை பிழைத்தன, எவை அழிந்தன என்று பார்த்தல் தகும்.

ஓலைக் காலம்

தாளுக்கு முன் ஓலை இருந்தது. தமிழகத்தில் சாதகமும் நிலக் கிரயமும் கடன் முறியும் ஓலையிலேயே எழுதப்பட்டன. பூச்சியும் கறையானும் அரிக்கும் நாட்டில், ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. ஆதலின் பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. படியெடுக்கப்பட்ட ஏடு வாழ்ந்தது; படியெடுப்பார் இல்லாத ஏடு மறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் தாளும் பெருகியபோது, ஓலையைப் படிக்கும் பழக்கம் குன்றியது. பரணில் கிடப்பது இன்னதென்று அறியாத சந்ததியார் பலர், ஏட்டுக் கட்டுகளை ஆற்றிலும் தீயிலும் இட்டனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியபோது, அத்தகைய செய்திகளைக் கேட்டு வருந்தினார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறியது அத்தேடலின் பயனே. ஏட்டின் அழிவைக் கறையான்மேல் மட்டும் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. அதனைப் படித்து விளக்க வீட்டில் ஆளில்லாமற் போன நாளிலேயே அழிவு தொடங்கிவிட்டது.

கடல் கடந்த தாள்கள்

மலாயாவுக்கு வந்த தமிழரின் வாழ்வோ தாளோடு பிணைந்தே தொடங்கியது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910ஆம் ஆண்டோடு இந்நாட்டில் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. பின்னர்க் கங்காணி முறையே ஓங்கியது. உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தார். ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களின் வழியாக மக்கள் கப்பலேறினர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிச் செலவில் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தபோது அக்காலம் முடிந்தது.

இப்பயணத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டியல் இருந்தது. முகாமில் ஒன்று, கப்பலில் ஒன்று, தோட்டத்தில் செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேடு ஒன்று. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த எழுத்தரும் கிராணிமாரும் ஆவர். காதில் விழுந்தபடி பெயரை எழுதினர். ஆகவே வீட்டில் சுப்பையாவாக இருந்தவர் செக்ரோலில் சுப்பனாகவும், பின்னர் அடையாளக் கார்டில் சுப்பிரமணியமாகவும் விளங்குதல் இயல்பு. ஐரோப்பியருக்குப்போல் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயரும் தமிழருக்கு இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது, பேரனிடத்தில் அதுவும் மறைகிறது. குடும்பப் பெயரைத் தட்டினால் மூதாதையர் வரிசையாக வந்து நிற்கும் கணினித் தேடல், தமிழ்க் குடும்பத்தில் இரண்டாம் தலைமுறையிலேயே திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

இடையில் 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி நிகழ்ந்தது. சயாம்–பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். போரில் சிறைப்பட்ட வெள்ளைப் படைவீரருக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறையும் உண்டு. அங்கே மாண்ட தமிழருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. பல குடும்பங்களில் அவர்களைப் பற்றி எஞ்சிய ஆவணம், திரும்பி வந்தவர் சொன்ன சொல் ஒன்றே.

உரிமையாக மாறிய தாள்

போருக்குப் பின் தாளின் மதிப்பு வேறாயிற்று. 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் படமும் கைவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு பெறவேண்டுமென்று விதி வந்தது. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியது. அதன் கணக்குச் சீட்டும் பெட்டிக்குள் புகுந்தது.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, பிரஜா உரிமை கேட்பவர் தம் வாழ்வைத் தாளால் மெய்ப்பிக்க வேண்டியவரானார். விடுதலை நாளுக்குமுன் கூட்டரசில் பிறந்தவர், முந்தைய ஏழாண்டில் ஐந்தாண்டு இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பிற நாட்டில் பிறந்து இங்குக் குடியிருந்தவர், முந்தைய பன்னிரண்டு ஆண்டில் எட்டாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 1962ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், இம்மண்ணில் பிறந்தது மட்டும் போதாதாயிற்று. பிறக்கும்போது பெற்றோருள் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டுமென்றாயிற்று. அன்று முதல் பிள்ளையின் உரிமை, தந்தை தாயரின் பெட்டிக்குள் இருக்கும் தாளைச் சார்ந்தது.

1969ஆம் ஆண்டில் பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. பால்மரக் காட்டில் வாழ்நாளைக் கழித்தவர் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தமிழகத்துக்குக் கப்பலேறினர். நீலக் கார்டுக்கும் சிவப்புக் கார்டுக்கும் இடையே குடும்பங்கள் பிரிந்தன. 2011ஆம் ஆண்டில் இந்தியரின் ஆவணச் சிக்கலைத் தீர்க்கவென்று 'மைடப்தார்' என்னும் சிறப்புப் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தமை, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அத்துயரம் தீரவில்லை என்பதற்குச் சான்று. பேரன் விண்ணப்பத்துக்குப் பாட்டியின் பிறப்புப் பதிவு வேண்டப்படும் வீடுகள் இன்றும் உள்ளன. தோட்டத் தமிழர் வீட்டில் குடும்ப வரலாறும் குடும்ப உரிமையும் ஒரே தாளில் எழுதப்பட்டவை.

அரசின் காப்பும் அழிவும்

மூலப் பதிவு அரசிடம் இருக்கிறதே, வீட்டில் எதற்கு என்று கேட்போர் உண்டு. பிற நாட்டு வரலாறு அதற்கு விடை கூறும். அயர்லாந்தில் 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் குடிமதிப்புத் தாள்களை, தொகை கணக்கிட்டாயிற்று என்று அரசே அழித்தது. அதற்கு முந்தைய குடிமதிப்புத் தாள்களிற் பெரும்பாலானவை, 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் களரி எரிந்தபோது சாம்பலாயின. நூறாண்டு கழித்து, 2022இல், மின்வடிவில் மீண்டும் எழுப்பப்பட்ட அக்களரியைத் திறந்தனர். அது கூடிய காரணம், எரிந்தவற்றுள் பலவற்றின் படிகள் வேறு வேறு நூலகங்களில் இருந்தமையே.

இங்கிலாந்தில், கரீபியத் தீவுகளிலிருந்து 1948 முதல் குடியேறியோரின் வருகைச் சீட்டுகளை உள்துறை அலுவலகம் 2010ஆம் ஆண்டில் அழித்தது. பின்னர், நீ எப்போது வந்தாய், சான்று எங்கே என்று அம்முதியோரிடம் கேட்கப்பட்டது. காட்ட இயலாதவர் வேலையும் மருத்துவமும் இழந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018இல் இக்கொடுமை வெளிப்பட்டபோது நாடே நாணியது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் உடன் எரிந்தமை தமிழர் மறவாத துயரம். ஓரிடத்தில் மட்டும் இருப்பது, எத்துணைப் பெரிய மாளிகையாயினும், காப்பாகாது.

நுண்படமும் மின்வடிவும்

ஆதலின் படியெடுத்தல் நன்றே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மரபுவழிச் சங்கம் 1938ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் உள்ள பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மைக்ரோபிலிம் என்னும் நுண்படச் சுருளில் எடுத்தது. ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்களையும் மின்வடிவாக்கும் பணி 2021இல் நிறைவெய்தியது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவாக்கியுள்ளது. பழைய 'தமிழ் முரசு' இதழ்களையும் இன்று வீட்டிலிருந்தே புரட்டலாம். 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களே மின்வடிவில்தான் வழங்கப்படுகின்றன. அங்கே புதிய குழந்தையின் வரலாறு தாளின்றியே தொடங்குகிறது.

எனினும் மின்வடிவுக்கும் மூப்பு உண்டு. 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம், 'டூம்ஸ்டே' என்னும் நிலக் கணக்கேட்டைத் தொகுப்பித்தான். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதிய தொகுப்பு ஒன்றை லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டைப் படிக்கும் கருவி கிடைப்பது அரிதாயிற்று; வல்லுநர் பெருமுயற்சி செய்து அதனை மீட்டனர். தோலில் எழுதிய பழைய ஏடோ ஒன்பது நூற்றாண்டுக்குப் பின்னும் கண்ணால் படிக்கத்தக்கதாய் இருக்கிறது. ஓலையை நூற்றாண்டுக்கு ஒருமுறை படியெடுத்தனர். மின்னேட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படியெடுத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

வீட்டுத் தாள்களை மூவகையாகப் பிரித்தல் பொருந்தும். மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டு போன்றவை காலம் முடிந்தபின் கழிக்கத்தக்கவை. வருமானவரிக்குரிய சான்றுகளை மலேசியச் சட்டப்படி ஏழாண்டு வைத்திருந்து பின்னர் நீக்கலாம். பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், பிரஜா உரிமைச் சான்று, பழைய பாஸ்போர்ட்டு, நிலப் பட்டா, உயில் ஆகியவற்றின் மூலத்தை எக்காரணத்தாலும் எறிதல் கூடாது. மலேசியாவின் 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டமும், உயிலையும் அதிகாரப் பத்திரத்தையும் தன் வரம்புக்கு வெளியே வைத்துள்ளது.

படியெடுக்கும்போது தாளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவிலும், சிறு புகைப்படத்தை 600 அளவிலும் ஸ்கேன் செய்தல் நலம். பின்பக்கத்தையும் எடுத்தல் வேண்டும்; புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிய ஊர்ப் பெயரே சில வேளை படத்தினும் மதிப்புடையது. கடிதத்தை உறையோடு சேர்த்து எடுத்தல் வேண்டும். அஞ்சல் முத்திரையில் ஊரும் நாளும் உள்ளன. மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் என்பது ஆவணக் காப்பாளர் கைக்கொள்ளும் நெறி. கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பின், அவருடன் அனைத்தும் மறையும் என்பதையும் குடும்பத்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் முந்திச் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. எந்த ஸ்கேன் கருவியும், படத்தில் நிற்கும் நான்காமவர் யார் என்று சொல்லாது. செக்ரோலில் உள்ள சுப்பனும் கார்டில் உள்ள சுப்பிரமணியமும் ஒருவரே என்பதைத் தாத்தாவோ அப்பத்தாவோதான் அறிவர். ஒவ்வொரு பெயரின் பல வடிவங்களையும், உறவு முறையையும், ஊரையும், தோட்டத்தையும், பிரிவையும் அவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி, அப்படியோடு சேர்த்து வைத்தல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறியும் போய்விட்டன. அவற்றின் தமிழ்ப் பெயர்கள் நிலப்படத்தில் இல்லை. முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இப்பணிக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஏற்றவர்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் பள்ளி விடுமுறையில் தம் வீட்டு முதியோர் ஒருவரைக் கேட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வருமாறு பணிக்கலாம். அதற்குக் கணினியும் வேண்டா, காசும் வேண்டா. அத்தாளைப் பின்னர் மின்வடிவாக்குதல் எளிது. கேட்கப்படாத பெயரை எந்த மின்வடிவும் தாங்காது. பெட்டியில் உள்ள தாள் இன்னும் சில ஆண்டு பொறுத்திருக்கும். அதனை விளக்கவல்ல முதியோரின் ஆயுள் அவ்வாறு காத்திராது. ஆகவே வரும் விடுமுறையிலேயே இதனைத் தொடங்குதல் கடனாகும்.