அகழ்பொறிகளும் மின்செலவும்: ஒரு வரலாற்று நோக்கு

புதிய பொறியொன்று ஒரு தொழிலிற் புகும்போது இரு வினாக்கள் எழுகின்றன. அதற்கான செலவு யாது, அதனால் மீதமாவது யாது என்பது முதலாவது. அம்மீதம் ஈற்றில் எவரைச் சென்றடைகின்றது என்பது இரண்டாவது. பிட்கொயின் அகழ்வின் குறுகிய வரலாறு இவ்விரண்டாம் வினாவுக்கு வழமைக்கு மாறான விடையைத் தருகின்றது. அதனை விளங்கிக்கொள்ளப் பழைய சுரங்கத் தொழிலொன்றை முதலில் நோக்குதல் பயனுடைத்து.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் இங்கிலாந்தின் கோண்வால் சுரங்கங்களில், நீரிறைத்த நியூக்கொமன் பொறிகளின் இடத்தை ஜேம்ஸ் வாற்றின் நீராவிப் பொறிகள் பெற்றன. மீதமாகும் எரிபொருளின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைப் போல்ற்றன்–வாற்று கம்பனி கட்டணமாகப் பெற்றது. கடல்வழி வந்த நிலக்கரிக்கு அங்கு விலை அதிகம்; ஆகவே புதிய பொறி விரைந்து பரவியது. நிலக்கரிச் சுரங்கங்களிலோ, கழிவுக் கரி மலிவாகக் கிடைத்தமையால், நியூக்கொமன் பொறி நெடுங்காலம் நிலைத்தது. பொறிமாற்றத்தைத் தீர்மானிப்பது வினைத்திறன் மட்டுமன்று, எரிபொருளின் விலையுமாகும் என்பது இதனாற் பெறப்படும்.

பிட்கொயின் வலையமைப்பு 2009 ஜனவரி 3இல் தொடங்கியது. கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் ஒவ்வொரு தொகுதிக்கும் பொருந்தும் எண்ணை, கணக்கற்ற முயற்சிகளால் முதலிற் கண்டறிபவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகின்றன. இதுவே அகழ்வு எனப்படும். தொடக்கத்தில் சாதாரண கணனியே இதற்குப் போதுமாயிருந்தது. 2010இல் வரைகலைச் செயலிகளும், 2013 முதல் அகழ்வுக்கெனவே வடிவமைக்கப்பட்ட சில்லுகளும் அதனிடத்தைப் பெற்றன. 2013இன் அன்ட்மைனர் எஸ்1, இலட்சம் கோடி கணிப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 யூல் சக்தியைக் கொண்டது. 2016இன் எஸ்9 பொறிக்கு 98 யூலும், 2020இன் எஸ்19 புரோவுக்கு ஏறத்தாழ 30 யூலும், 2023இல் அறிமுகமான எஸ்21 பொறிக்கு 17.5 யூலும் போதுமாயின.

விநாடிக்கு 200 இலட்சம் கோடி கணிப்புகளைச் செய்யும் எஸ்21 பொறியொன்றுக்கு நாளொன்றில் 84 அலகு மின்சாரம் தேவை. அதே வேலைக்கு எஸ்9 பொறிகள் பதினைந்தும் ஏறத்தாழ 475 அலகும் வேண்டும். அலகின் விலை 5 அமெரிக்கச் சதமாயின் நாளாந்தச் சேமிப்பு ஏறத்தாழ 19.50 டொலர், 1 சதமாயின் 4 டொலருக்கும் குறைவு. ஆகவே மின்சாரம் மலிந்த இடங்களிற் பழம்பொறிகள் தொடர்ந்து உழைத்தன.

கோண்வாலுடனான ஒற்றுமை இவ்வளவே. அங்கு எரிபொருட் செலவு குறைந்தமையால் மேலும் ஆழத்திலிருந்து செம்பும் வெள்ளீயமும் எடுக்க இயன்றது. பொறியின் திருத்தம் பண்டத்தின் பெருக்கமாயிற்று. பிட்கொயினிலோ உற்பத்தி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி என்பதே விதி. பொறிகள் விரைவுற்றால், 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை கடினநிலை உயர்த்தப்பட்டு அவ்விரைவு ஈடுசெய்யப்படுகின்றது. பரிசோ 50 நாணயங்களிலிருந்து படிப்படியாகக் குறைந்து 2024 ஏப்பிரலில் 3.125 ஆயிற்று. எனவே புதிய பொறியின் ஆதாயம் முந்திக்கொண்டவனுக்கே உரியது. ஏனையோரும் அதனை வாங்கியதும் அவ்வாதாயம் மறைகின்றது. பழம்பொறி தேய்வதற்கு முன்னரே வழக்கொழிகின்றது.

கணிப்புவலு பெருகுவதால் வலையமைப்பைத் தாக்குதல் கடினமாகின்றது என்பது மெய்யே. எனினும் மின்சாரம் மீதமாகவில்லை. 2016 யூலை முதல் 2024 ஏப்பிரல் வரை முன்னணிப் பொறிகளின் வினைத்திறன் ஐந்தரை மடங்கு உயர, மொத்தக் கணிப்புவலு ஏறத்தாழ நானூறு மடங்காயிற்று. 2023ஆம் ஆண்டின் நுகர்வைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏறத்தாழ 12,000 கோடி அலகென மதிப்பிட்டனர். 2021இல் சீனா அகழ்வைத் தடைசெய்தபின் பொறிகள் பல கசகஸ்தானுக்குப் பெயர்ந்தன. மின்பற்றாக்குறையால் 2022 ஜனவரியில் அங்கு அகழ்வோருக்கான மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் செலவைக் குறைக்க முயன்றதன் கூட்டு விளைவு, அனைவரதும் செலவு உயர்ந்தமையேயாகும். வினைத்திறன் சமூகத்தின் சேமிப்பாக மாறுவதும் மாறாமைவதும் பொறியின் இயல்பாலன்றி, அப்பொறி இயங்கும் அமைப்பின் விதிகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.